கிணறு இருந்த இடம்

இதை வாசிக்கிறவர்கள் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எழுத்து கோணல்மாணலாக வரும். சொன்னதையே திரும்பச் சொல்வேன், சொல்ல வேண்டியதை விட்டுவிடுவேன். படிப்புக் குறைவு ஒரு காரணம். மற்றது, ஐந்து வருடத்துக்கு முன் என் தலைக்குள் ஒரு இரத்தக் குழாய் வெடித்தது. அதற்குப் பிறகு எனக்கு மறதி வந்தது. மறதி பரவாயில்லை, அதைவிடப் பொல்லாத ஒன்றும் கூட வந்தது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் ஊர்ச் சனங்களின் ஞாபகங்களைச் சேர்த்து, கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஒரு புத்தகம் போடுகிறார்களாம். பெறாமகள் ஒரு கொப்பி வாங்கித் தந்து, கிணற்றுக் கதையை எழுதச் சொன்னாள். அவள் என் அக்காவின் மகள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. என் அவர் போய்ச் சேர்ந்து பதினொரு வருடம். பெறாமகளோடும் அவள் புருசனோடும் அவர்களுடைய சின்னப் பெட்டையோடும்தான் இருக்கிறேன். நான் நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காதவள். கலியாண வீட்டில் கடைசிப் பாயில் போய் இருப்பேன். எழுதுவது பரவாயில்லை, எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. பெயர் மட்டும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன்.

தலைக்குள் வெடித்த அன்று நாங்கள் இணுவிலில் இருந்தோம். ஊரை விட்டு வந்து கிட்டத்தட்ட முப்பது வருடம், அந்த ஒரே வளவில். காலமை துருவலையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பின்மண்டைக்குள் ஒரு சத்தம் கேட்டது. நோவு பிறகுதான் வந்தது, முதலில் சத்தம்தான். தட்டில் இருந்த தேங்காய்ப்பூ கண்ணுக்கு முன்னால் வெள்ளையாகப் பெருகிக்கொண்டே போனது. தட்டு நிறைந்து, நிலம் நிறைந்து, அடுப்படி முழுக்க வெள்ளை. அதோடு சரி.

பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கொழும்புக்குக் கொண்டுபோனார்களாம். குழாயில் ஒரு இடம் குமிழ் மாதிரி வீங்கி இருந்து வெடித்தது என்றும், அதற்கு அனியூரிசம் என்று பெயர் என்றும் பிறகு சொன்னார்கள். மண்டையைத் திறந்து அந்த இடத்தில் ஒரு கிளிப் போட்டிருக்கிறார்கள். உடுப்புக் கொடியில் குத்துகிற கிளிப் மாதிரிச் சின்னது என்று பெறாமகள் விரலால் காட்டினாள். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் குளிரும். அது என் நினைப்பாகவும் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு சந்தேகம். இது எங்கள் வீடு இல்லை. எல்லாம் எங்கள் வீட்டைப் போலவே இருக்கிறது. அதே கதவு, அதே அடுப்பு, சுவரில் அதே நாட்காட்டி. ஆனால் அது இல்லை. யாரோ அச்சாக இன்னொன்று கட்டி, எங்கள் பொருட்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பின்னேரமானால் நான் பையை மடியில் வைத்துக்கொண்டு, "வீட்டை போவம்" என்று சொல்லத் தொடங்குவேன். பெறாமகள் அழுவாள். "போவம் சின்னம்மா, ஆமி காணியை விடட்டும், போவம்" என்பாள். வருகிற சனமும் அதைத்தான் சொன்னது. எங்களைப் போல இடம்பெயர்ந்து வந்த கிழடுகள் எல்லோரும் வீட்டை போகவேணும், வீட்டை போகவேணும் என்றுதானே கடைசிவரைக்கும் சொல்வது. அதனால் மூன்று மாதமாக ஒருவருக்கும் ஐமிச்சம் வரவில்லை. நான் கேட்டது ஊர் வீட்டை இல்லை. இருந்த அந்த இணுவில் வீட்டைத்தான் கேட்டேன், அதற்குள்ளேயே இருந்துகொண்டு.

கிளினிக்கில் ஒரு டொக்டர் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தார். போகவேண்டிய வீட்டின் கதவு என்ன நிறம் என்று கேட்டார். பச்சை என்றேன். இப்போது இருக்கிற வீட்டின் கதவு? அதுவும் பச்சைதான், ஆனால் அது வேறு பச்சை என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டுப் பெறாமகளைப் பார்த்தார்.

அந்தச் சந்தேகம் மெல்ல மெல்லப் போய்விட்டது. மற்றது போகவில்லை. அந்த மற்றது என்னவென்றால், நடக்காதது எனக்கு ஞாபகம் வரும். முன்வீட்டுப் பெட்டை வந்து கலியாணத்துக்குச் சொல்லிவிட்டுப் போனது என்று ஒருநாள் நான் சாறி எடுத்து வெயிலில் போட்டேன். பெறாமகள் வேலியால் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். முன்வீடு பூட்டிக் கிடந்து வருடக்கணக்கு. அங்கே பெட்டை ஒன்றும் இருந்ததில்லை. எனக்கோ அந்தப் பெட்டையின் மூக்குத்தியில் பிடித்திருந்த அழுக்குக்கூடத் தெரியும். கும்பிட்டபோது வளையல் எந்தக் கையில் சறுக்கியது என்றும் தெரியும்.

டொக்டர் என்னிடம் அன்பாகத்தான் சொன்னார். "உங்கடை மூளை, வெறும் இடம் கண்டால் தானாக நிரப்புது அம்மா. நீங்கள் பொய் சொல்லேல்லை. ஆனா அது நடக்கவுமில்லை."

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. எனக்கு ஏதாவது ஞாபகம் வந்தால் நான் பெறாமகளைப் பார்த்து, "நடந்ததோ?" என்று கேட்பேன். அவள் கறி துழாவிக்கொண்டே "நடந்தது" என்பாள், அல்லது "நடக்கேல்லை" என்பாள். அவ்வளவுதான். ஒரு நாளைக்கு எத்தனை தரம் கேட்டாலும் அவள் முகம் சுளித்ததில்லை. மருமகன் ஆனால் பகிடிக்காரன். சாப்பிட்டு எழும்பும்போது என்னைப் பார்த்து, "மாமி, நான் சாப்பிட்டது நடந்ததோ?" என்று கேட்பான். நானும் "நடக்கேல்லை, இன்னொருக்கால் போடு பிள்ளை" என்று பெறாமகளுக்குச் சொல்வேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். நடக்காதது வரும்போது முதலில் ஒரு மணம் வரும். ஈரமான பாசி மணம். வெயில் கொளுத்துகிற முற்றத்திலும் வரும். அது வந்தால் யாரோ ஈரத் துணியோடு கிட்டே வந்து நிற்பதுபோல இருக்கும்.

அடுத்தது அக்காவின் விஷயம். அத்தான் நாங்கள் இடம்பெயர்ந்த வருடமே போய்விட்டார், மூன்றாம் வருடம் அக்கா காய்ச்சலில் போய்விட்டா. பெறாமகளுக்கு அப்போது இரண்டோ மூன்றோ வயது. தாயின் முகம் அவளுக்குத் தெரியாது. படங்கள் எல்லாம் ஊர் வீட்டு றங்குப் பெட்டிக்குள் இருந்தன. ஓடி வந்தபோது உயிரையும் ஒரு பாயையும் கொண்டு வந்தோம். முந்தி அவள் தாயைப் பற்றிக் கேட்பாள், நான் சொல்ல மாட்டேன். எனக்குக் கதைக்க வராது. "உன்னைப் போலத்தான் இருப்பா" என்று விட்டுவிடுவேன்.

இந்தத் தலை வருத்தத்துக்குப் பிறகு என் வாய் திறந்துகொண்டது. அது எப்படி என்று தெரியவில்லை. தலையைத் திறந்தபோது அதையும் திறந்துவிட்டார்கள் போல. அக்காவின் தலைமயிர் முழங்கால் மட்டும் இருக்கும் என்று சொன்னேன். வலது கையில் கஞ்சி கொட்டிய தழும்பு என்று சொன்னேன். குளிக்கும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பா, பாட்டில்லை, எண்ணுகிறது போல ஒரு முணுமுணுப்பு என்று சொன்னேன். பெறாமகள் வேலையை விட்டுவிட்டு என் காலடியில் வந்து இருப்பாள். தன் மகளின் தலைமயிரை வெட்டாமல் வளர்க்கத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்தில் பேன் என்று கடிதம் வந்தும் வெட்டவில்லை. "அம்மம்மாவுக்கு முழங்கால் மட்டும்" என்பாள். அந்தக் கதைகளுக்கு மட்டும் "நடந்ததோ?" என்று நான் கேட்கவில்லை. கேட்க ஆளில்லை. அவளுக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும்.

காணி விட்டார்கள். போய்ப் பார்த்தோம். பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. வீடுகள் இல்லை, வேலிகள் இல்லை, கிணறுகளைத் தூர்த்து நிலத்தை மட்டமாக்கி இருந்தது. அதற்கு மேலே நாயுண்ணிச் செடிப் பற்றை. றோட்டு மதகு ஒன்றை வைத்து எங்கள் சின்னத் தெருவை, அந்த ஒழுங்கையை, கண்டுபிடித்தார்கள். நிலஅளவைக்காரர் வந்து பழைய படத்தைப் பார்த்து எல்லைக் கல்லுப் போட்டார். எனக்கும் அக்காவுக்கும் அப்பு சீதனமாகத் தந்த இரண்டு துண்டுக் காணி, பக்கத்துப் பக்கத்திலே. இரண்டுக்கும் பொதுவாக ஒரு பங்குக் கிணறு, ஆறடி வாய். படத்தில் காணி இருந்தது, கிணறு இல்லை. அது பிறகு வெட்டினது.

வீட்டுத் திட்டத்தில் பெறாமகளுக்கு ஒரு வீடு கிடைத்தது. மழைக்கு முன் அத்திவாரம் போட வேண்டும் என்று விதானையார் சொன்னார். அவர்தான் எங்கள் பகுதிக் கிராம அலுவலர். போகும்போது என்னைப் பார்த்து இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார். கிணறு எங்கே என்று தெரியாமல் கட்டக் கூடாதாம். தூர்த்த கிணற்றுக்கு மேலே வீடு கட்டி, மாரிக்கு நிலம் இறங்கி, அறையோடு ஆட்கள் போன கதை வேறு ஊரில் நடந்திருக்கிறதாம்.

அந்தக் கிணற்றடியில் தண்ணி அள்ளினவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாலு பேருக்கு முன்னால் நிற்கிறதே எனக்குக் கூச்சம். அதற்குள் இந்தப் பாரமும்.

முதல் நாள் நான் வெயிலில் ஒரு குடையோடு நின்றேன். பாசி மணம் வந்தது. வந்ததும் எல்லாம் தெரிந்தது. கிணற்றுக் கட்டு, தண்ணி இறைக்கிற துலா, பூவரச மரம், கட்டின் மேல் வெயில் விழுந்த இடம். அக்கா அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறா. தலைமயிர் ஈரமாக முழங்கால் மட்டும் கிடக்கிறது. வாளியைத் தூக்கித் தலையில் ஊற்றுகிறா. நான் நேரே நடந்துபோய், "இதுதான்" என்றேன். மருமகன் ஒரு தடி நட்டான். பெறாமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா நின்றது எந்தப் பக்கம் என்று கேட்டாள். காட்டினேன். அவள் அந்த இடத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள்.

அடுத்த கிழமை மேசன் அலவாங்கோடு, நீட்டுக் கடப்பாரைக் கம்பியோடு, வந்தார். மண் ஒன்றரை அடிதான். கீழே சுண்ணக்கல். கிணறு தூர்ந்த இடம் என்றால் கம்பி இறங்கிக்கொண்டே போகும், மற்ற இடத்தில் கல்லில் முட்டும் என்று சொன்னார். அவர் குத்த முதல் நான் நடந்துபோய் இடத்தைக் காட்டினேன். பாசி மணம், துலா, பூவரசு, அக்காவின் முதுகு, எல்லாம் சரி. பெறாமகள் மெல்லமாக, "சின்னம்மா, போன கிழமை காட்டினது அங்கை" என்றாள். முப்பது அடி தள்ளி ஒரு தடி நின்றது. அதை நட்டதோ, நான் காட்டினதோ எனக்கு ஞாபகமே இல்லை.

மேசன் இரண்டு இடத்திலும் குத்தினார். இரண்டிலும் கல். கம்பி முட்டின சத்தம் என் பல்லுக்குள் கேட்டது.

"மாமிக்கு இரண்டு கிணறு சீதனம். எனக்கு ஒண்டும் தரேல்லையே" என்று மருமகன் பகிடி விட்டான். சிரித்துத்தான் ஆக வேண்டும் என்று சிரித்தோம். வான் வண்டியில் திரும்பி வந்தோம். என் யோசினை கிணற்றில் இல்லை. முதல் தடியடியில் நின்ற அக்காவும் இரண்டாம் தடியடியில் நின்ற அக்காவும் ஒரே அக்கா. ஒரே ஈரம், ஒரே தலைமயிர். கிணறு இல்லாத இடத்தில் அவ எப்படிக் குளித்துக்கொண்டு நின்றா? கிணறு பொய் என்றால், அங்கே நின்றது யார்?

இதைப் பெறாமகளிடம் நான் சொல்லவில்லை.

கிணறு கிடைக்கவில்லை என்று வேலை நிற்கவில்லை. மேசன் வீட்டுக்குக் கயிறு கட்டி அத்திவாரக் கிடங்கு வெட்டினார். நாலு பக்கமும் சுற்றி வெட்டினபோது எல்லா இடத்திலும் நல்ல கல். அதனால் வீடு நிற்கப் போகிற இடத்தில் கிணறு இல்லை என்று எல்லோருக்கும் ஆறுதல். ஒரு மண்டபம், இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி. பின்னுக்கு இருக்கிற அறை எனக்கு என்று பெறாமகள் கயிற்றுக்குள் நின்று காட்டினாள். ஜன்னல் இந்தப் பக்கம், கட்டில் இந்தப் பக்கம். நான் கட்டில் இருக்கப்போகிற இடத்தில் நின்று பார்த்தேன். காற்று நல்லாக வந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதை எழுதத்தான் வேண்டும். அந்த இடத்தில் நின்றபோது மணம் வரவில்லை, துலா வரவில்லை, அக்கா வரவில்லை. நல்ல அறை என்று சொன்னேன்.

கல்லுக் கட்டு தொடங்க நாலு நாள் இருக்கும்போது ஊரில் ஒரு செத்தவீடு. எங்களுக்கு முதல் குடிவந்து கொட்டில் போட்டிருந்த ஒரு பெரியவர், எங்கள் காணிக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. நானும் பெறாமகளும் போனோம். மருமகன் காணியில் மேசனோடு நின்றான். பெட்டி எடுத்த பிறகு பெண்கள் எல்லோரும் கலைந்தார்கள். மத்தியான வெயில். பழைய ஒழுங்கையால் நடந்து வந்தோம். நான் காலமை மருந்துக் குளுசை போட்டதோடு ஒன்றும் சாப்பிடவில்லை, தலை வெறுமையாக இருந்தது. என்ன யோசித்தேன் என்று கேட்டால், ஒன்றுமே யோசிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் செத்தவீட்டுக்குப் போய் வந்தால் வீட்டுக்குள் காலடி வைக்கக் கூடாது. ஒன்றிலும் தொடாமல் நேரே கிணற்றடி. உடுத்தின சீலையோடு தலையில் நாலு வாளி ஊற்றிவிட்டுத்தான் உள்ளே. சின்ன வயதிலிருந்து அதுதான். எத்தனை செத்தவீட்டுக்கு நானும் அக்காவும் அந்த ஒழுங்கையால் போய் அப்படி வந்திருப்போம்.

இதற்கு மேல் பெறாமகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முந்தி வேலிப் படலை வாசல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நான் திரும்பினேனாம். அவளை விட்டுவிட்டு முன்னுக்குப் போனேனாம். வழியில் ஒரு இடத்தில் தலையைக் குனிந்தேனாம், அங்கே தலையில் முட்ட ஒன்றும் இல்லை. பிறகு இடப்பக்கமாக வளைந்து, அத்திவாரக் கிடங்கைத் தாண்டி, கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேனாம். முழங்கால் நோகிறது என்று படி ஏற ஆள் பிடிக்கிற நான், கிடங்கை ஒரு எட்டில் தாண்டினேனாம். கொண்டை ஊசியை இழுத்து வாயில் கடித்துக்கொண்டு, தலைமயிரை அவிழ்த்துவிட்டு, குனிந்து கையை நீட்டினேனாம்.

எனக்கு ஞாபகம் இருப்பது அந்தக் கையிலிருந்துதான். வாளிக் கயிறு இருக்க வேண்டிய இடத்தில் விரல் மடங்கியது. கைக்குள் காற்று.

"சின்னம்மா, என்ன செய்யிறியள்?" பெறாமகள் கயிற்றுக்கு வெளியில் நின்றாள்.

"முழுகப் போறன்."

"எங்கை?"

அப்போதுதான் பார்த்தேன். என்னைச் சுற்றிக் கயிறு. நான் என்னுடைய அறைக்குள், கட்டில் போடுகிற இடத்தில் நின்றேன்.

பாசி மணம் இல்லை. காய்ந்த மண்ணும் வெயிலும்தான். நகரவும் பயம், நிற்கவும் பயம். பெறாமகளுக்கும் விளங்கிவிட்டது. அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன்.

மருமகன் மேசனோடு வந்தான். "இதுக்கும் ஒரு தடியோ மாமி?" என்றான். பெறாமகள் அவனைப் பார்த்த பார்வையில் மிச்சப் பகிடியை விழுங்கிவிட்டான். அவள் என்னைக் கையில் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தாள். பிறகு மேசனிடம், "உதிலை ஒருக்கால் குத்திப் பாருங்கோ அண்ணை" என்றாள்.

மேசன் மனமில்லாமல்தான் குத்தினார். ஒரு அடி இறங்கியது. ஒன்றரை. கல் வரவில்லை. கம்பியை ஆட்டி ஆட்டி இறக்கினார். இடுப்பளவு இருந்த கம்பி முழங்காலளவு வந்தது, பிறகு அவர் குந்திக்கொண்டு அமத்தினார். கைப்பிடியளவுதான் வெளியே மிஞ்சியது. அவர் எழும்பி இரண்டு அடி பின்னால் போய் நின்று செருப்பைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

நாலு சுவருக்கும் கிடங்கு வெட்டியும் தெரியாமல், அறைக்கு நடுவில் இருந்திருக்கிறது. நான் அதற்கு மேலே படுத்திருப்பேன். வெறும் சீமெந்து நிலம், அதற்குக் கீழே உடைந்த எங்கள் வீட்டின் கல்லும் மண்ணும், அதற்கும் கீழே தண்ணி.

வீட்டை ஒழுங்கைப் பக்கமாக நகர்த்திக் கட்டினார்கள். மேசன் மறுபடி கயிறு கட்டினார். கிணற்றைத் தோண்டி இறைத்தார்கள். மேலே வந்தது முழுக்கச் சுவர்த் துண்டுகள், ஓடு, ஒரு உரலின் பாதி. கட்டின் ஒரு துண்டு பிறை மாதிரி முழுதாக வந்தது. அதில் கயிறு உராய்ந்த பள்ளம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. ஒன்று என் பக்கம், மற்றது அக்காவின் பக்கம். தண்ணி வந்தது. நல்ல தண்ணி.

இதெல்லாம் நடந்ததோ என்று நான் பல தரம் கேட்டுவிட்டேன். நடந்தது என்று பெறாமகள் சொல்லிவிட்டாள். எழுதும்போதும் குரல் கொடுத்துக் கேட்டேன். "நடந்தது சின்னம்மா, எழுதுங்கோ" என்றாள். அதனால் இவ்வளவும் நம்பலாம்.

ஆனால் எனக்கு ஒரு விஷயம் விளங்கிவிட்டது. என் தலை காட்டின கிணறுகளில் எல்லாம் இருந்தது. மணம், மரம், துலா, அக்கா. என் கால் காட்டின கிணற்றில் ஒன்றும் இருக்கவில்லை. ஒருவரும் நிற்கவில்லை.

தண்ணி வந்த அன்று பெறாமகள் அந்தக் கட்டுத் துண்டில் கையை வைத்துக்கொண்டு கன நேரம் நின்றாள். மகளையும் பக்கத்தில் நிற்க வைத்திருந்தாள். அதன் பின்னல் இப்போது இடுப்புக்குக் கீழே வந்துவிட்டது. நான் தள்ளி நின்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"சின்னம்மா, அம்மா உதிலை நிண்டு குளிச்சவ. முழங்கால் மட்டும் தலைமயிர். நடந்ததோ?"

எங்கள் வழக்கத்தில் அவள் அதுவரைக்கும் என்னைக் கேட்டதில்லை. நான்தான் கேட்கிறது.

நான் அந்தக் கிணற்றடியைப் பார்த்தேன். எவ்வளவு பார்த்தும் அங்கே ஒருவரும் வரவில்லை.

"நடந்தது" என்றேன்.

என் தலை சொன்ன பொய்கள் எத்தனை என்று எனக்குத் தெரியாது, அவை என் கணக்கில் சேராது என்று டொக்டரே சொல்லிவிட்டார். இது அப்படியில்லை. உண்மையாக இருந்தாலும் இருக்கலாம். ஆனால் தெரியாமல், தெரியும் என்று நான் சொன்னேன்.

இப்போது அந்தக் கிணற்றில்தான் குளிக்கிறேன். ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றுதான் ஊற்றுவேன், முதுகுப் பக்கம் பார்க்க மாட்டேன். சில நாளில் பின்னேரம் வாளி தண்ணியில் அடிக்கிற சத்தம் கேட்கும். முணுமுணுப்பும் கேட்கும், எண்ணுகிறது போல. பெறாமகளிடம் கேட்டால், "இல்லைச் சின்னம்மா, அங்கை ஒருத்தரும் இல்லை" என்பாள். சொல்லிவிட்டு அவளும் எட்டிப் பார்ப்பாள். அவள் எதைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று எனக்குத் தெரியும். அதுதான் எனக்குச் சத்தத்தைவிடப் பயம்.

ஆனபடியால் ஊர்ச் சனங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். மதகடி ஒழுங்கையில், பங்குக் கிணற்றுக்குக் கிழக்கே இருந்த மூத்தவவை, என் அக்காவை, அறிந்தவர்கள் வெளிநாட்டிலோ எங்கேயோ யாராவது இருப்பீர்கள். இந்தப் புத்தகம் உங்கள் கைக்கும் வரும். அவவுக்குத் தலைமயிர் எவ்வளவு நீளம்? தழும்பு வலது கையிலா, இடது கையிலா, அல்லது தழும்பே இல்லையா? குளிக்கும்போது வாய்க்குள் ஏதாவது சொல்வாவா? கிணற்றுக்குத் துலா இருந்ததா, கப்பியா? பூவரச மரம் எங்கள் பக்கமா, அவவின் பக்கமா? யாரிடமாவது ஒரு கலியாணப் படத்தில், ஓரத்திலாவது, அவ நிற்கிறாவா என்றும் பாருங்கள்.

நான் சொன்னது சரி என்றால் பெறாமகளிடம் சொல்லுங்கள். பிழை என்றால் முதலில் எனக்குச் சொல்லுங்கள். தயவுசெய்து எழுதியே தாருங்கள். வாயால் சொன்னால், அது நடந்ததோ என்று நான் அவளிடம்தான் போய்க் கேட்க வேண்டி வரும்.